ஆடும் மூன்றாம் படி

கியோஸ் தீவு.
கடல் திறந்த மாதம், பத்தாம் நாள்.

மாந்த்ரோன் தன் தம்பி லம்பிஸுக்கு: மகிழ்ந்திரு. நான் சுகம், உன் அண்ணி தெய்னோ சுகம், ஆடும் சுகம். நீ சுகமா என்று கேட்க எனக்கு முப்பத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. எழுதத் தெரியாததுதான் காரணம். இப்போது தெரியும்!

இதைக் கீறுவது என் கைதான். வேறு யாருடைய கையும் இல்லை. பானைக்காரன் பிக்ரெஸ் குடத்தின் கழுத்தில் ஏதோ கீறுவான் இல்லையா? இந்தக் குளிர்காலத்தில் அவன் சூளையோரம் குளிர்காய உட்கார்ந்திருந்தபோது, "இது என்னடா?" என்று கேட்டேன். "என் பேரு," என்றான். "எம் பேரையும் கீறு, பாப்போம்." கீறினான். தண்ணீரில் முகம் பார்ப்பதுபோல இருந்தது. ஆனால் இந்தத் தண்ணீர் அசையவில்லை. அன்று முதல் தினமும் போனேன். அறுபத்தாறு வயதில் எல்லா எழுத்தும் வந்துவிட்டது. ஒன்று மட்டும் அடிக்கடி தலைகீழாக விழுகிறது.

இந்தத் தகடு நம் வலையின் ஈயக்குண்டுதான். அதை அடித்துத் தட்டையாக்கி ஆணியால் கீறுகிறேன். இடப்பக்கமிருந்து வலப்பக்கம் போய், ஓரம் வந்ததும் உழவு மாடு திரும்புவதுபோலத் திரும்பி வருகிறேன். பிக்ரெஸ் அப்படித்தான் கற்றுக்கொடுத்தான். போகிற வரி ஒன்று, வீடு திரும்புகிற வரி ஒன்று.

வாய்விட்டுச் சொல்லாமல் எனக்கு எழுத வராது. படிக்கவும் வராது. உன் அண்ணி சொல்கிறாள்: "ஊருக்கே கேக்குது. இத எதுக்குக் கப்பல்ல அனுப்பணும்? மலை மேல ஏறி நின்னு கத்துங்க, வடகடலுக்கே கேட்டுரும்."

நீ வடகடலில், பெரிய ஆறு கடலில் சேரும் இடத்தில் இருப்பதாகக் கோதுமைக் கப்பல்காரன் ஒருவன் சொன்னான். கியோஸ் பேச்சுப் பேசும் ஒரு லம்பிஸ், இடக்காதில் வெட்டுத் தழும்பு. அந்த வெட்டு என் தூண்டிலால் வந்தது. அதனால் நீதான்.

வீடு அப்படியே இருக்கிறது. அத்திமரம் சாய்ந்துவிட்டது, ஆனாலும் காய்க்கிறது. வாசலில் மூன்றாம் படி இன்னும் ஆடுகிறது. யார் வந்தாலும் அதில் இடறுகிறார்கள். போன மாதம் பிக்ரெஸ் விழுந்து இரண்டு குடம் உடைந்தது. "நாப்பது வருஷமா அந்தக் கல்லச் சரி பண்ண நேரமில்ல, எழுத்துப் படிக்க மட்டும் நேரம் இருக்கு," என்று உன் அண்ணி பிக்ரெஸ் காதுபடவே சொன்னாள்.

இவ்வளவும் சொன்னது ஒன்றைச் சொல்லத்தான். வீட்டுக்கு வா, தம்பி. உடம்பைப் பார்த்துக்கொள்.

*

பெரிய ஆற்றின் வாய்.
வாற்கோதுமை அறுக்கும் மாதம், இருபதாம் நாள்.

லம்பிஸ் தன் அண்ணன் மாந்த்ரோனுக்கு: மகிழ்ந்திருங்கள். உங்கள் உடம்பும் அண்ணியின் உடம்பும் நன்றாக இருப்பது தெய்வங்களின் தயவு. நானும் நலம்.

உங்கள் தகட்டை மூன்று நாள் படித்தேன். எழுத்து இங்கே மீன்மூட்டைகளில் அடையாளம் போடப் போட எனக்கும் வந்தது. நீங்கள் தலைகீழாகப் போடுகிற எழுத்தும் புரிந்தது, கவலை வேண்டாம்.

இங்கே எனக்கு மூன்று அறை வீடு. சொந்தப் படகு. கீழே வேலைக்கு ஆட்கள். குறை ஒன்றும் இல்லை. குளிர்காலத்தில் ஆறு கல்லாகிவிடும், மாடுகளை அதன் மேல் ஓட்டுவார்கள். இந்தக் கடலுக்கு நம்மவர்கள் விருந்தோம்பும் கடல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எத்தனையோ பேரை விழுங்கியிருக்கிறது. அதற்குக் கோபம் வராமலிருக்கத்தான் அந்தப் பெயர்.

வேலை அதிகம். இந்த வருஷம் வர முடியாது.

கதவுக்கு உள்ளே, வலப்பக்கச் சுவரில், விருந்தாளிகளின் போர்வையை மாட்ட ஒரு மரமுளை இருந்ததே. அது இருக்கிறதா? சும்மா ஞாபகம் வந்தது, அதனால் கேட்கிறேன்.

அண்ணிக்கு என் வணக்கம்.

*

கியோஸ் தீவு.
நடுக்கோடை, நிலா நிறைந்த மறுநாள்.

மாந்த்ரோன் தம்பி லம்பிஸுக்கு: மகிழ்ந்திரு. உன் தகடு வந்தது! கப்பல்துறையில் நின்றபடியே படித்தேன், சத்தமாகத்தான். சுமை தூக்குகிறவர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்கள். மாடு ஆற்றின் மேல் நடக்கும் என்றதும் ஒருவன், "கிழவா, தப்பாப் படிக்கிற," என்றான். திரும்பப் படித்தேன். மாடு திரும்பவும் ஆற்றின் மேலேயே நடந்தது.

எங்களுக்குச் சுகக்குறைவு ஒன்றும் இல்லை. என் முழங்காலைச் சேர்த்துக்கொள்ளாதே.

திருவிழாவுக்கு ஒரு பாடகன் வந்தான். ஒரு தெய்வம் உப்பு விற்கிற நொண்டியாக வேஷம் போட்டு வீடு வீடாகப் போகிற கதை பாடினான். ஆறு வீடுகள் கதவைச் சாத்துகின்றன. ஏழாவது வீட்டில் ஒரு கிழவி வெறும் சுடுதண்ணீர் கொடுத்துக் காலைக் கழுவிவிடுகிறாள். அவள் கை பட்டதும் அந்தக் கால் நேராகிவிடுகிறது. நான் அழுதேன். உன் அண்ணி, "நம்ம வீட்டுக்கு வர்ற நொண்டியெல்லாம் போகும்போதும் நொண்டியாத்தானே போறான்? எல்லாம் உங்க மூணாம் படி செய்ற வேல," என்றாள்.

மரமுளை இருக்கிறது. அதில் ஒன்றும் மாட்டுவதில்லை.

மூன்று அறை வீட்டைப் பூட்டிவிட்டு வா. அதை யாரும் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள். குளிருக்குக் கப்பல்கள் நின்று கடல் மூட இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. நல்ல காற்று உன் பக்கம் வீசட்டும்.

*

பெரிய ஆற்றின் வாய்.
கோடையின் கடைசி.

லம்பிஸ் அண்ணனுக்கு: மகிழ்ந்திருங்கள். நலம்.

நான் வரவில்லை. இந்த வருஷமும் இல்லை, அடுத்த வருஷமும் இல்லை. எனக்காகச் சோறு எடுத்து வைக்கவேண்டாம். நான் கிளம்பிப் போன காலையில் அந்த முளையில் எது இல்லாமல் போயிருந்தது என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் கூப்பிடுகிறீர்கள். விருந்தாளியின் பொருளில் கை வைத்தவனை விருந்தாளிகளைக் காக்கும் சேயுஸ் எந்த வாசலிலும் ஏறவிடமாட்டார். அந்த வாசலில் ஏறவே விடமாட்டார்.

உங்கள் முழங்காலுக்கு ஆலிவ் எண்ணெயைச் சுடவைத்துத் தடவுங்கள்.

*

கியோஸ் தீவு.
திராட்சை பறித்து முடிந்த ஒன்பதாம் நாள்.

மாந்த்ரோன் தம்பிக்கு: மகிழ்ந்திரு. எங்கள் நலத்துக்குக் குறைவில்லை. உன்னைப் பற்றி அப்படிச் சொல்லத் தெரியவில்லை. உன் சின்னத் தகடு வந்து இருபது நாள் ஆகிறது. கட்டைவிரல் அகலம்கூட இல்லை. பதில் எழுத ஆணியை எடுப்பேன், பிறகு வைத்துவிடுவேன். கடைசியில் ஆதெனா தேவிக்குத் தேனடை வைத்து, "அம்மா, எழுத்தால முடியல, நீதான் பாக்கணும்," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேள். மூன்று நாள் மூடுபனி. கடல் எது, வானம் எது என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் நம் ஆடு காணாமல் போயிற்று. உன் அண்ணி மணியை எடுத்துக்கொண்டு முனைப்பாறைக்குப் போய் ஆட்டிக்கொண்டே கத்தினாள். "அடி திருட்டுக் கழுத! எங்கடி போய்த் தொலஞ்ச? வீட்டுக்கு வாடி, உன் தோல உரிச்சுக் காயப்போடறேன்!" ஆடு வரவில்லை. பனிக்குள்ளிருந்து ஒரு படகு வந்தது! பாறையில் மோதாமல், மணல் இருக்கிற ஒரே இடமாகப் பார்த்து ஏறி நின்றது. ஐந்து பேர். நான்கு பேர் ஊர்ப்பக்கம் போனார்கள். ஐந்தாவது ஆள் நம் வாசலில் வந்து நின்றார். நரைத்த தாடி, காதை மூடிய கம்பளிக் குல்லா, கையில் ஒரு மூட்டை.

நான், "உள்ள வாங்க, ஐயா," என்றேன். வந்தார். இதைக் கேள், லம்பிஸ்: மூன்றாம் படியில் அவர் இடறவில்லை. அந்தப் பனியில், அந்த இருட்டில், இரண்டாம் படியிலிருந்து நேராக நான்காம் படிக்குக் கால் வைத்தார். நான் உன் அண்ணியைப் பார்த்தேன். அவள் மணியைக் கீழே வைத்துவிட்டாள்.

கால் கழுவத் தண்ணீர் கொடுத்தோம். ரொட்டி, பாலாடைக்கட்டி, வெங்காயம், தண்ணீர் கலந்த திராட்சை மது. சாப்பிட்டு முடித்ததும் மற்ற வீடுகளில் பெயரும் ஊரும் கேட்பார்கள். நம் வீட்டில் கேட்பதில்லை. நீ போன பிறகு வந்த வழக்கம் இது. காரணத்தை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அவர் தெய்வமாக இருப்பாரோ என்று அண்ணியின் காதில் சொன்னேன். படியில் கால் படவே இல்லையே! "தெய்வமா? தெய்வம் எதுக்கு நம்ம வீட்டு வெங்காயம் மொத்தத்தையும் திங்கணும்?" என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய் இன்னும் இரண்டு வெங்காயம் கொண்டுவந்து வைத்தாள்.

ஆடு தானாக வந்துவிட்டது. வடக்கே போகும் கடைசிக் கப்பல் முந்தாநாள் போய்விட்டது. இந்தத் தகடு வசந்தத்தில்தான் கிளம்பும். அதுவரை நீ உன் மூன்று அறையிலும் நெருப்பு வைத்துக்கொள்.

*

கியோஸ் தீவு.
கடல்தெய்வம் போசைடனின் மாதம். கடல் மூடியிருக்கிறது.

மாந்த்ரோன் தம்பிக்கு: மகிழ்ந்திரு. கப்பல் இல்லாத மாதத்தில் எழுதுகிறேன். எழுதுவது அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

விருந்தாளி இன்னும் இருக்கிறார். குளிர்காலத்தில் யாரைப் போகச் சொல்ல முடியும்? முற்றத்தின் ஓரத்து அறையைக் கொடுத்திருக்கிறோம். பேச்சுக் குறைவு. நம் வலையைப் பார்த்து, "குண்டே இல்லையே, பெரியவரே," என்றார்.

"எல்லாம் சேதியாப் போயிருச்சு, ஐயா. வடகடல்ல எனக்கு ஒரு தம்பி இருக்கான்."

"பதில் வருதா?"

"கடைசியாக் கட்டைவிரல் அளவு வந்துச்சு."

அவர் வலையைத் திருப்பிப் போட்டு, ஓட்டைகளைப் பின்ன ஆரம்பித்தார். குண்டுக்குப் பதிலாக ஓட்டைக் கல் பொறுக்கிக் கட்டினார். நல்ல முடிச்சு. நம் அப்பா போடுகிற மாதிரி, கடைசியில் ஒரு சுற்று அதிகம்.

நான் எழுதும்போது அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். வாய்விட்டுத்தானே எழுதுகிறேன்? எல்லாம் அவர் காதில் விழுகிறது. அதில் எனக்கு வெட்கமில்லை.

ஒன்று உனக்குச் சொல்லவேண்டும். நம் பேச்சில் தெரியாத ஆளுக்கும் விருந்தாளிக்கும் ஒரே சொல்தான். சொல்லும்போது இது உறைக்கவில்லை. எழுத்தெழுத்தாகக் கீறும்போதுதான் நின்று பார்த்தேன். கதவுக்கு வெளியே நின்றால் தெரியாத ஆள், உள்ளே வந்தால் விருந்தாளி. நடுவில் நான்கு படிதான். மூன்று என்று வைத்துக்கொள், ஒன்று ஆடுகிறது.

தெய்வம்தான் என்று நான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "தெய்வம் குறட்ட விடாது," என்கிறாள் உன் அண்ணி. ஆனால் அவர் அறைக்கு என் ஆட்டுத்தோலைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். குளிர் எனக்குத்தான்.

நீ நலமாக இரு.

*

கியோஸ் தீவு.
குளிர்காலத்தின் நடு, ஆடு குட்டி போட்ட நாள்.

மாந்த்ரோன் தம்பிக்கு: மகிழ்ந்திரு. இரண்டு குட்டி. அவையும் சுகம், தாயும் சுகம்.

இன்று அந்தக் காரணத்தை எழுதுகிறேன். பெரிய தகடு எடுத்துக்கொண்டேன். விருந்தாளி நெருப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு சொல்லையும் மெதுவாகச் சொல்லிச் சொல்லிக் கீறினேன்.

நீ போன காலையில் முளை காலியாக இருந்தது. முந்தினநாள் வந்து தங்கிய மனிதரின் கனத்த போர்வை, சிவப்பு ஓரம் போட்டது, அதைக் காணவில்லை. உன்னையும் காணவில்லை. அப்பா அந்த மனிதரின் காலில் விழப் போனார். அவர் பிடித்துக்கொண்டார். அப்பா தன் போர்வையைக் கழற்றி அவர் தோளில் போட்டு, "ஐயா, உங்க பேரச் சொல்லுங்க, ஊரச் சொல்லுங்க. தேடிப் புடிச்சு அனுப்பி வைக்கிறேன்," என்றார்.

அந்த மனிதர் அப்பாவின் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "வேணாங்க. நான் யாருன்னு கேக்காதீங்க. எந்த வீட்டுல தொலஞ்சதுன்னு நானும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். பேர் தெரியாத ஒருத்தனுக்கு நடந்ததுன்னா, அத யாரும் எங்கயும் போய்ப் பேச முடியாதுல்ல?" என்றார். அப்படியே படி இறங்கிப் போனார். மூன்றாம் படியில் இடறினார். போகிறபோதுகூட!

நம் வீட்டுப் பெயர் கெடாமல் காப்பாற்றியவருக்குப் பெயர் இல்லை. அதனால்தான் இந்த வீட்டில் யாரிடமும் பெயர் கேட்பதில்லை. அவர்களாகச் சொன்னால் உண்டு.

அப்பா உன்மேல் கோபப்பட்டார் என்று நினைத்திருப்பாய். ஆறு வருஷம் கழித்துச் சாகும்போது என்ன சொன்னார் தெரியுமா? "பையனுக்குன்னு ஒரு போர்வ இல்லாமதான் அத எடுத்தான். குளிருன்னு எங்கிட்டக் கேட்டிருந்தா என்னோடதக் குடுத்திருப்பேனே." இவ்வளவுதான்.

இதை எழுதி முடித்தபோது விருந்தாளி எழுந்து போய் ஆட்டுக்குத் தண்ணீர் வைத்தார். தொட்டி ஏற்கெனவே நிறைந்திருந்தது.

நீ எங்கே இருந்தாலும் இது உன் காதுக்கு வந்து சேரட்டும்.

*

கியோஸ் தீவு.
கடல் திறக்க மூன்று நாள் இருக்கிறது.

மாந்த்ரோன் தம்பிக்கு: மகிழ்ந்திரு. என்னால் முடியவில்லை.

விருந்தாளி இன்று, "மொதக் கப்பல்ல கிளம்பறேன், பெரியவரே. ரொம்ப நாள் இருந்துட்டேன்," என்றார். வந்தவரைப் பட்டினி போடுவது எவ்வளவு பாவமோ, போகிறேன் என்பவரைப் பிடித்து வைப்பதும் அவ்வளவு பாவம். "சரிங்க, ஐயா," என்றேன்.

உன் அண்ணி என்னைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். "வாயத் தொறந்து ஒரு வார்த்த கேளுங்களேன்! பேர் என்னன்னு கேட்டா நாக்கு அழுகிப் போயிருமா?"

"கேக்கக் கூடாது."

"அப்ப நான் கேக்கறேன்."

"தெய்னோ, வேணாம். நாம கேட்டு வாங்கினா அது அவர் சொன்னதாகாது. அவரே சொல்லணும். சொல்லிட்டு, இந்த வீட்டுல நிக்கணும்."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எழுதத் தெரிஞ்ச மனுஷன், பேசத் தெரியல," என்றாள்.

வழிக்கு ரொட்டி சுடுகிறாள். வேண்டுமென்றே மெதுவாகச் சுடுகிறாள்.

*

லம்பிஸ் தன் அண்ணன் மாந்த்ரோனுக்கு: மகிழ்ந்திருங்கள். உடம்பு நலமா என்று கேட்கவில்லை. இன்று விடியும் முன் நீங்கள் தூக்கத்தில் இருமியது எனக்குக் கேட்டது.

மூன்று அறை வீடு கிடையாது. படகு கிடையாது. மீனுக்கு உப்புப் போடும் கொட்டகையில் ஒரு மூலை இருந்தது. வரவில்லை என்று எழுதிய அதே வாரம் கிளம்பிவிட்டேன். அந்தத் தகடு எனக்கு முன்னால் போன கப்பலில் வந்திருக்கிறது. வாசல்வரை வந்து, ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தேன்.

முனைப்பாறைப் பக்கம் பனியில் வழி தெரியாமல் சுற்றினோம். அப்போது மணிச்சத்தம் கேட்டது. ஒரு பெண்குரல். சுக்கான் பிடித்தவன் நடுங்கிப்போய், "தேவி கூப்பிடறா," என்றான். "ஆமா, தேவிதான். அந்தக் கொரலப் பாத்தே போ," என்றேன். அண்ணி திட்டுகிற குரல் எனக்குத் தெரியாதா? "வீட்டுக்கு வாடி" என்றது ஆட்டைத்தான் என்று தெரிந்தும், என்னை என்றே எடுத்துக்கொண்டேன்.

அந்தப் போர்வையை முதல் இரவுக்குப் பிறகு நான் போர்த்தியதில்லை. போர்த்தினால் குளிர்ந்தது. மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்தேன். பூச்சி அரித்துவிட்டது. இப்போது முளையில் மாட்டியிருக்கிறேன்.

கப்பல் துறையில் நிற்கிறது. நீங்கள் இதை வாய்விட்டுத்தான் படிப்பீர்கள். நான் அத்திமரத்தடியில் நிற்கிறேன். என் பெயரைப் படிக்கும்போது உங்கள் குரல் எப்படி இருக்கிறது என்று கேட்பேன். அதை வைத்து, போவதா இருப்பதா என்று முடிவு செய்வேன்.

*

கியோஸ் தீவு, நம் முற்றம்.
கடல் திறந்த நாள், மத்தியானம்.

மாந்த்ரோன் தன் தம்பிக்கு: மகிழ்ந்திரு. நீ நலம். பத்தடி தூரத்தில் ஆட்டைக் கறந்துகொண்டிருக்கிறாய், பார்த்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

பதில் எழுதாமல் விடலாமா? நீ எழுதினாயே! அதனால் எழுதுகிறேன். இதைக் கொண்டுபோகக் கப்பல் வேண்டாம்.

காலையில் முதலில் கண்ணில் பட்டது போர்வை. சிவப்பு ஓரம் வெளுத்திருந்தது. அதன் மடிப்பில் தகடு. எடுத்துப் பிரித்தேன். முதல் எழுத்தைச் சொன்னேன். இரண்டாவதைச் சொன்னேன். முதல் சொல்லே உன் பெயர். என் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. குட்டியைத் தேடி ஆடு கத்தியதுபோல இருந்தது என்று உன் அண்ணி சொல்கிறாள். அதைக் கேட்டு நீ மரத்தடியிலிருந்து வந்தாயே, அதுவும் அந்தப் படியைத் தாண்டித்தான் வந்தாய்.

முதல் நாளே தெரியும், தம்பி. எந்தத் தெய்வத்துக்கு நம் மூன்றாம் படி தெரியும்? காதை நீ குல்லாவால் மூடினாய், காலை மூட முடியவில்லை. வடகடலுக்கு எழுதியதெல்லாம் ஓரத்து அறைக்குத்தான் எழுதினேன். சேர்ந்துவிட்டது என்று ஆட்டின் தண்ணீர்த்தொட்டி வழிந்தபோதே புரிந்தது.

கப்பல் பாய் விரித்துப் போய்விட்டது. அண்ணி சுட்ட வழிச்சோறு மீதி இருக்கிறது. போர்வையைப் பிரித்துப் பார்த்து, "இவ்ளோ ஓட்டையா? மீன் புடிக்கலாம் போலருக்கே," என்றாள். பழைய கம்பளி நூல் எடுத்து உட்கார்ந்துவிட்டாள். தைத்து அதே முளையில் மாட்டுவாளாம். குளிரில் அடுத்து யார் வருகிறாரோ, அவர் பெயர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், அது அவருக்கு.

சற்றுமுன் நீ கல்லும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாய். "இன்னைக்கே இந்தப் படிய நிமித்திடறேன், அண்ணா," என்றாய். நான் போட்ட கூச்சலில் குட்டிகள் ஓடிப்போயின. கத்தினேனே தவிரக் காரணம் சொல்லவில்லை. அதற்காகவும்தான் இந்தத் தகடு. அந்தக் கல்லைத் தொடாதே, லம்பிஸ், வந்தது நீ என்று எனக்குச் சொன்னது அதுதான். பிக்ரெஸ் விழட்டும். அவனுக்குப் பானை செய்யத் தெரியும்.

இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. அதற்குள் உன் அண்ணி கூப்பிட்டுவிட்டாள். எழுத்தை நிறுத்திவிட்டுக் கேட்டேன். "ரெண்டு பேரும் சாப்பிட வாங்க," என்கிறாள்.